ஒன்பது வருடம் ஈவென்ட் லைட்டிங், இப்போது நாடகத்தில் முதுகலை: சரிவருமா?

பார்கேன்:

வணக்கம். வயது 33, சென்னை. பி.காம் முடித்ததும் ஒரு லைட்டிங் கம்பெனியில் கேபிள் சுற்றச் சேர்ந்தேன். மேடைக் கச்சேரி, கார்ப்பரேட் விழா, கல்யாண ரிசப்ஷன் எல்லாவற்றுக்கும் லைட் போட்டாயிற்று, இப்போது எல்லா விளக்கையும் இயக்கும் கன்சோலில் உட்காருவது நான்தான். அம்மா "ஒரு எம்.ஏ. கூடப் படிக்கலையேடா" என்பார். கிராண்ட்எம்ஏவில்தானே ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கிறேன் என்பேன். (கிராண்ட்எம்ஏ என்பது ஒரு லைட்டிங் கன்சோலின் பெயர். லைட்காரர்களுக்கு உடனே புரியும், மற்றவர்கள் மன்னிக்கவும்.)

போன வருடம் ஒரு நண்பனின் நாடகக் குழுவுக்குச் சும்மா போய் லைட் போட்டேன். சின்ன ஹால், பன்னிரண்டு விளக்கு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பழைய டிம்மர். ஒத்திகையில் இயக்குநர் "இந்த இடத்துல ஏன் நீலம்?" என்று கேட்டார். அழகாக இருக்கும் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. கச்சேரியில் டிரம் அடித்தால் ஃபிளாஷ் அடிப்போம், அவ்வளவுதான், ஏன் என்று எவனும் கேட்டதில்லை. அன்றிலிருந்து இந்தப் படிப்பு ஆசை.

மனைவி வேலைக்குப் போகிறார், குழந்தைக்கு நாலு வயது, சேமிப்பைக் கையைக் கட்டிச் செலவழித்தால் இரண்டு வருடம் ஓடும். எங்கே படிக்கலாம்? நடித்தே பழக்கமில்லாதவனைச் சேர்ப்பார்களா? முடித்துவிட்டு என்ன செய்வது?

காலாப்பட்டு:

தம்பி, நான் புதுச்சேரிப் பல்கலையில் படித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தேசிய நாடகப் பள்ளியை மறந்துவிடுங்கள். மூன்று வருடப் படிப்பு, பொதுப் பிரிவுக்கு முப்பதுதான் வயது வரம்பு, இந்தியும் வேண்டும். உங்களுக்குப் பொருந்துவது புதுச்சேரி நிகழ்கலைத் துறை. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி முதல் இயக்குநராக இருந்து, நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் தொடங்கிய பள்ளி அது. சுவாமிகள் 1922இல் இறந்ததும் புதுச்சேரியில்தான். இப்போது சேர சியுஇடி பிஜி என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கணினித் தேர்வு, கொள்குறி வினாக்கள், நாட்டிய சாஸ்திரம் முதல் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் வரை புரட்டிவிட்டுப் போங்கள். மலையாளம் ஓரளவு வரும் என்றால் திருச்சூரில் கோழிக்கோடு பல்கலையின் நாடகப் பள்ளியையும் பாருங்கள், 1977இல் ஜி. சங்கரப்பிள்ளை தொடங்கியது.

நடிப்புப் பயம் வேண்டாம். காலையில் உடற்பயிற்சி, குரல் பயிற்சி எல்லாவற்றிலும் உங்களையும் தரையில் உருள வைப்பார்கள், முதல் மாதம் முட்டி வலிக்கும், அவ்வளவுதான்.

உங்களுக்கு வரப்போகும் ஆபத்து வேறு. வகுப்பில் ஏணியில் ஏறி விளக்கு மாட்டத் தெரிந்தவர் அநேகமாக நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். முதல் வாரமே எல்லோருக்கும் தெரிந்துவிடும். "அண்ணா, என் புரொடக்‌ஷனுக்கும்" என்று ஒவ்வொருத்தராக வருவார்கள், இரண்டு வருடமும் துறையின் சம்பளமில்லாத எலக்ட்ரீஷியனாகவே கழிந்துவிடும். என் வகுப்பில் சவுண்டிலிருந்து வந்த ஒருவருக்கு அதுதான் நடந்தது, மனிதர் ஒரு நாடகமும் இயக்காமலே பட்டம் வாங்கிப் போனார். முதல் செமஸ்டரில் கன்சோலைத் தொடாதீர்கள். நடியுங்கள், பிரதியைப் படியுங்கள், தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசைப் பக்கம் போய் ஒரு ராத்திரி முழுக்கக் கூத்து பாருங்கள்.

ஸ்ட்ரைக்நைட்:

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒளியமைப்பாளர் தபஸ் சென் 1959இல் கல்கத்தா மினர்வா தியேட்டரில் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்துக்குச் சுரங்கத்தில் வெள்ளம் ஏறுவதை வெறும் ஒளியால் காட்டினார், அதற்கு எந்த எம்.ஏ. படித்தார்? குழந்தையை வைத்துக்கொண்டு சீசன் வருமானத்தை விடுவது விளையாட்டில்லை. தை, மாசி முகூர்த்தத்தில் இரண்டு வருடம் ஆள் இல்லை என்றால் உங்கள் கன்சோலில் வேறொருவன் உட்கார்ந்துவிடுவான், நம் தொழிலில் திரும்பிக் கூப்பிட மாட்டார்கள். சென்னையில் இருக்கும் நவீன நாடகக் குழு ஏதாவது ஒன்றோடு ஒட்டிக்கொண்டு வருடத்துக்கு நாலு நாடகம் செய்யுங்கள். ஒத்திகைக்கு முதல் நாளிலிருந்தே போங்கள், லைட் போடும் நாளுக்கு மட்டும் போகாதீர்கள். அந்த நீலக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கும்.

மழைக்காடு:

நான் அமெரிக்காவில் மேடை நிர்வாகத்தில் எம்எஃப்ஏ (நுண்கலை முதுகலைப் பட்டம்) முடித்தவள். இங்கே உங்களைப் போல வேலை செய்துவிட்டு வருபவர்கள் சகஜம், முப்பது வயதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விளக்கு, ஒலி, மேடை நிர்வாகம் ஒவ்வொன்றுக்கும் தனி எம்எஃப்ஏ உண்டு, பெரும்பாலும் மூன்று வருடம். யேல் நாடகப் பள்ளியில் 2021இல் டேவிட் கெஃபன் கொடுத்த 15 கோடி டாலருக்குப் பிறகு கல்விக் கட்டணமே இல்லை, ஆனால் அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. குடும்பத்தோடு வருவதென்றால் வீட்டு வாடகை, குழந்தைக் காப்பகம் இரண்டையும் முதலில் கணக்குப் போடுங்கள், கட்டணத்தைவிட அதுதான் ஆளை அடிக்கும்.

எங்கே விண்ணப்பித்தாலும் ஒன்று. எத்தனை ஷோ செய்தேன், எத்தனை மூவிங் ஹெட் (தானே திரும்பும் விளக்கு) மாட்டினேன் என்று பட்டியல் போடாதீர்கள். நீலம் ஏன் என்று கேட்டதற்குப் பதில் வராமல் நின்றீர்களே, அந்த ஒரு ராத்திரியை ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்.

பார்கேன்:

எல்லோருக்கும் நன்றி. ஸ்ட்ரைக்நைட் அண்ணா சொன்னதைப் படித்து இரண்டு நாள் தூக்கம் வரவில்லை, உண்மைதான். காலாப்பட்டு அண்ணா, படிக்கும்போது சனி ஞாயிறு ஷோ செய்ய முடியுமா?

காலாப்பட்டு:

நான் செய்தேன். பல்கலை இருக்கும் காலாப்பட்டு ஈசிஆரிலேயே இருக்கிறது, வெள்ளி சாயங்காலம் பஸ் ஏறினால் ராத்திரிக்குள் சென்னை. திங்கள் காலை வகுப்பில் தூங்கி விழுவேன். ஆனால் புரொடக்‌ஷன் ஒத்திகை தொடங்கிவிட்டால் சனி ஞாயிறெல்லாம் கிடையாது, அந்த மாதங்களுக்கு முன்பணம் வாங்கி வைக்காதீர்கள். நான் வாங்கி மாட்டிக்கொண்டேன்.