காணாமல்போனவர் புகார்: "தகவல் வந்தால் சொல்கிறோம்" என்றபிறகு ஐஓ-விடம் (விசாரணை அதிகாரியிடம்) என்ன கேட்பது?

யீஷூன்வாசி

சிங்கப்பூரில் தெரிந்த குடும்பத்துக்காகக் கேட்கிறேன். 74 வயதுப் பெரியவர். முதுமை மறதி உண்டு, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர். வீட்டைவிட்டு இறங்கி மூன்று நாளாகிறது. புகார் கொடுத்தாயிற்று, ரிப்போர்ட் எண் கையில் இருக்கிறது. ஐஓ-வுக்கு அழைத்தால் "தேடிக்கொண்டிருக்கிறோம், தகவல் வந்தால் சொல்கிறோம்" என்ற ஒரே பதில்தான். எந்தக் கேமராவைப் பார்த்தார்கள், பஸ் ஏறினாரா, ஒன்றும் தெரியவில்லை. "ஊர் முழுக்கக் கேமரா வைத்துக்கொண்டு ஒரு கிழவரைக் கண்டுபிடிக்க முடியவில்லையா?" என்று மகன் கொதிக்கிறார். கோபப்படுவதில் தப்பில்லை. ஆனால் ஐஓ-விடம் குறிப்பாக என்ன கேட்பது? வீட்டுக்காரர்கள் என்ன செய்யலாம், எதில் கை வைக்கக்கூடாது?

கேமராக்காரர்

2016-லேயே ஏறக்குறைய 10,000 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளிலும் பலமாடிக் கார்நிறுத்தங்களிலும் போலிஸ் கேமரா பொருத்தியாயிற்று. அதனால் மகனுக்கு அந்தக் கேள்வி வருவது நியாயம்தான். ஆனால் புளோக் கேமரா, பெரியவர் எத்தனை மணிக்கு இறங்கினார், எந்தப் பக்கம் திரும்பினார் என்பதுவரைதான் காட்டும். அதற்கப்புறம் வழியில் இருக்கும் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு முதலாளி. லிஃப்ட் நகர மன்றத்துடையது, காப்பிக்கடை கடைக்காரருடையது, பஸ் அந்த நிறுவனத்துடையது, கொண்டோ (தனியார் அடுக்குமாடி) வாசல் அதன் நிர்வாகத்துடையது. எல்லாம் ஒரே திரையில் வந்து விழாது. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் போய்க் கேட்டு, பிரதி எடுத்து, உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அவசரம் எங்கே என்றால், கடை ரெக்கார்டர் வட்டு நிறைந்ததும் பழைய பதிவின்மேலேயே எழுதும். நாலு கேமரா, ஒரு டெராபைட் வட்டு, தெளிவு நடுத்தரம் என்று வைத்துக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கும். எட்டுக் கேமரா என்றால் ஒரு வாரம்கூட வராது. கார் டேஷ்கேம் இன்னும் மோசம், தினமும் ஓடும் காரில் ஒன்றிரண்டு நாளில் அழிந்துவிடும். மூன்று நாள் ஆகிவிட்டது என்கிறீர்கள், டேஷ்கேம் கிட்டத்தட்ட போனதுதான். கடைகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இன்றே ஒருவர் தாளும் பேனாவுமாகப் புளோக்கிலிருந்து நாலு பக்கமும் பத்து நிமிட நடைக்குப் போகட்டும். கடைப் பெயர், யூனிட் எண், கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது, பதிவு எத்தனை நாள் நிற்கும், பொறுப்பாளர் யார் என்று எழுதிக்கொள்ளட்டும். "பதிவைக் காட்டுங்கள்" என்று கேட்காதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி மறுப்பார்கள். அதில் மற்றவர்கள் முகமும் இருப்பதால் மறுப்பதைக் குறை சொல்லவும் முடியாது. உதாரணத்துக்கு, "செவ்வாய் காலை 8.00 முதல் 9.30 வரை அழியாமல் தனியே எடுத்து வையுங்கள், போலிஸ் வந்து வாங்கிக்கொள்ளும்" என்று கேளுங்கள். இதற்கு அநேகமாக யாரும் முடியாது என்று சொல்லமாட்டார்கள். போலிஸ் கேட்டால் கதை வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் எழுத்துமூலம் உத்தரவு போட்டு வாங்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. கடை ரெக்கார்டர்களின் கடிகாரம் சரியாக இருப்பது அபூர்வம். ஏழு நிமிடம் முந்தியிருக்கும், சில இடங்களில் ஒரு மணி நேரம்கூடப் பிந்தியிருக்கும். கடைக்காரர் சம்மதித்தால், மானிட்டரில் ஓடும் மணியும் உங்கள் கைப்பேசியின் மணியும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். இல்லாவிட்டால் 8.15 என்று நினைத்து 8.08-ஐப் பார்த்துவிட்டு "இங்கே வரவில்லை" என்று அந்தத் தெருவையே விட்டுவிடுவார்கள்.

ரிப்போர்ட்ரூம்

கேமராக்காரர் சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள். ஐஓ-விடம் "ஏதாவது தெரிந்ததா?" என்று கேட்டால் "இல்லை" என்பதைத் தவிர வேறு பதில் வராது. அவர் கையில் இன்னும் பல கோப்புகள் இருக்கும், ஷிஃப்ட் மாறும், விடுப்பில் போவார். ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள்:

புளோக் கேமராவில் அவர் இறங்கியதைப் பார்த்தாயிற்றா, எத்தனை மணி? அரசாங்க மருத்துவமனைகளில் அடையாளம் தெரியாத நோயாளிகளைச் சரிபார்த்தாயிற்றா? குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் நாட்டைவிட்டுப் போனாரா என்று கேட்டாயிற்றா? பஸ், ரயில் பயண அட்டையின் பதிவு வாங்கியாயிற்றா? நீங்கள் இல்லாத நாளில் யாரிடம் பேசுவது?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். குடும்பங்கள் சொல்லும் எரிச்சலில் பாதி, விடுப்பில் இருக்கும் அதிகாரியின் மேசைத் தொலைபேசிக்கு மூன்று நாள் அழைத்துக்கொண்டே இருந்ததால் வருவது.

அடுத்து, கொடுத்த வாக்குமூலத்தை மறுபடி படித்துப் பாருங்கள். "வயது 74, வீட்டைவிட்டுச் சென்றார்" என்று மட்டும் இருந்தால், படிப்பவருக்கு அது தானாகப் போன பெரிய மனிதர் விவகாரம். மறதிநோய் என்று மருத்துவர் சொன்ன ஆண்டு, எந்த மாத்திரை, எத்தனை வேளை, தவறினால் என்னாகும், பணப்பை வீட்டில் இருக்கிறதா, செருப்பு எது, முன்பு இப்படிப் போனதுண்டா, அப்போது எங்கே கிடைத்தார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் அதே ரிப்போர்ட் எண்ணைச் சொல்லிக் கூடுதல் வாக்குமூலம் கொடுக்கலாம். புதிதாக இன்னொரு புகார் போடாதீர்கள், இரண்டு கோப்பாகப் பிரிந்து குழப்பம்தான் மிஞ்சும்.

படம்: திருமண ஆல்பத்துப் படம் வேண்டாம். கண்ணாடி போட்டிருந்தால் கண்ணாடியோடு, முழு உருவம் தெரிவது ஒன்று, முகம் ஒன்று, இரண்டும் அண்மையில் எடுத்தவை. நடையில் ஏதாவது இருந்தால் (கால் இழுப்பது, ஒரு பக்கம் சாய்வது) நடந்துவரும் பத்து விநாடி வீடியோ இருந்தால் கொடுங்கள். கேமராவில் முகத்தைவிட நடைதான் முதலில் பிடிபடும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 24 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. குழந்தை, மறதிநோயாளி, உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று சொன்னவர் என்றால் உடனே 999.

வெட்டிவேர்

எல்லாம் சரி. ஆனால் கடை கடையாக ஏறி இறங்குவது குடும்பத்தின் வேலையா? அதைப் போலிஸ் முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 2007 ஜூனில் காணாமல்போன 19 வயது மாணவி. கடைசியாக அவருடன் இருந்தவர்கள் "அவர் கிளம்பிப் போய்விட்டார்" என்று சொன்னார்கள். மறுபடி துருவியபின் 2020 டிசம்பரில்தான் ஒருவர்மேல் கொலைக் குற்றச்சாட்டு வந்தது. பிறகு அதுவும் வேறு குற்றச்சாட்டுகளாக மாறி, 2022-இல் 26 மாதச் சிறை. பதின்மூன்று வருஷம் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்ற சொல்லைக் கேட்டால் ஜனங்களுக்கு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது என்பது இதிலேயே தெரியவில்லையா?

ரிப்போர்ட்ரூம்

வெட்டிவேர், அந்த வழக்கைச் சொன்னால் யாராலும் வாதாட முடியாது. விசாரணை விவரத்தைக் குடும்பத்திடம் முழுக்கச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. வீட்டிலேயே சம்பந்தப்பட்டவர் இருக்கலாம். காணாமல்போனவர் அடிதாங்காமல் ஓடியவராகவும் இருக்கலாம். வயதுவந்தவர் பத்திரமாகக் கிடைத்து, இடத்தைச் சொல்லாதீர்கள் என்றால், "நலமாக இருக்கிறார்" என்பதோடு போலிஸ் நிறுத்திக்கொள்ளும். ஆனால் மறதிநோய்ப் பெரியவர் விஷயத்தில் இந்தக் காரணம் எதுவும் பொருந்தாது. அங்கேயும் அதே வாய்ப்பூட்டு போடுவதை நானும் நியாயப்படுத்தமாட்டேன்.

ஐஓ ஒரு வாரம் பதில் தராவிட்டால், ரிப்போர்ட் எண், அழைத்த தேதி, நேரம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி அந்தப் பிரிவின் மேலதிகாரிக்கும் காவல்துறையின் கருத்துப் படிவத்துக்கும் அனுப்புங்கள். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பிலும் அதே பக்கத்தைக் கொடுக்கலாம். வசைபாடி நாலு பக்கம் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

செம்பவாங்அக்கா

தம்பி, மறதிநோயாளிகள் போகிற இடம் இன்றைய விலாசத்தில் கிடைக்காது. பழைய வீடு, பழைய வேலையிடம், அம்மாவோடு போன கோயில் என்று கால் போகும். நம் ஆட்களில் அந்த வயதுக்காரர் என்றால் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தாரா, துறைமுகத்திலா, தஞ்சோங் பகார் ரயில்வே பக்கமா என்று மூத்த உறவினர்களிடம் கேட்டு ஐந்தாறு இடம் எழுதி ஐஓ-விடம் கொடுங்கள். 2011-இல் மூடிய ரயில் நிலையத்தைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. அன்னதானம் போடும் கோயில்களில் மத்தியானம் ஒருவர் நிற்கட்டும், பசி அங்கே கொண்டுவந்து விடும். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன், சீனிவாசப் பெருமாள் இரண்டிலும் அலுவலகத்தில் படம் கொடுத்து வையுங்கள்.

அவர் தமிழ் மட்டும்தான் பேசுவார் என்றால் அறிவிப்பில் அதை முதல் வரியில் போடுங்கள். மறதி முற்றும்போது பிறகு கற்ற ஆங்கிலமும் மலாயும் பெரும்பாலும் முதலில் போகும். "அங்கிள், ஆர் யூ ஓகே" என்று கேட்டால் தலையாட்டிவிட்டு நடந்துவிடுவார். "ஐயா, சாப்பிட்டீங்களா?" என்றால் நிற்பார்.

டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பின் காரா செயலியில் காணவில்லை என்று பதிவிடுங்கள். பயண அட்டை எண் சிம்பிளிகோ (பயணக் கட்டண) கணக்கில் ஏற்கெனவே சேர்த்திருந்தால் எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். சேர்க்கவில்லை என்றால் அட்டையின் பழைய படமோ ரசீதோ தேடி எண்ணை ஐஓ-விடம் சொல்லுங்கள்.

கைப்பேசி அவரிடம் இருந்தால் நிமிடத்துக்கொரு தரம் அழைத்து பேட்டரியைத் தீர்க்காதீர்கள். ஒருவர் மட்டும், மணிக்கு ஒரு தரம். எண்ணை முடக்கவும் வேண்டாம்.

லொறிஸ்டாண்ட்

குறுக்கே வருகிறேன். பெரியவர் விஷயம் இல்லை, ஆனால் இந்தத் தலைப்பைத் தேடி ஊரிலிருந்து வருகிறவர்கள் அதிகம். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பி காணாமல்போனால், கம்பெனி புகார் கொடுத்துவிட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். மலேசியர் அல்லாத ஒவ்வொரு ஊழியருக்கும் முதலாளி 5,000 வெள்ளி (டாலர்) பிணை கட்டியிருக்கிறார். ஊழியர் காணாமல்போனால் அது பறிபோகும். தேடிப் பார்த்து, போலிஸில் புகாரும் கொடுத்திருந்தால் அதில் பாதியோடு போகும் என்பது மனிதவள அமைச்சின் விதி. அதனால் சில புகார்கள் "ஓடிவிட்டான்" என்ற தொனியிலேயே எழுதப்படும். அறைத் தோழர் ஒருவர் தனியாகப் போய், கடைசியாக எப்போது பார்த்தேன், சாமான் எல்லாம் அறையிலேயே இருக்கிறது, சம்பளம் வாங்கவில்லை என்று சொல்லிப் பதிவு செய்யலாம். சிங்கப்பூரில் இருக்கும் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். ஊரில் இருப்பவர்கள் பாஸ்போர்ட் எண், ஃபின் எண் (வெளிநாட்டவருக்கான அடையாள எண்), தங்கும்விடுதிப் பெயர், ரிப்போர்ட் எண் நான்கையும் வைத்து கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கும், மதத் தளத்திலும் எழுதலாம். மதத் என்பது இந்திய வெளியுறவு அமைச்சின் புகார்த் தளம்.

யீஷூன்வாசி

எல்லாருக்கும் நன்றி. கடைப் பட்டியல் எடுக்க இரண்டு பேர் கிளம்பியாயிற்று. ஒரு சந்தேகம்: முகநூலில் மகனின் நம்பரைப் போட்டதிலிருந்து "உங்கப்பா எங்களிடம் இருக்கிறார், பணம் அனுப்புங்கள்" என்று இரண்டு அழைப்பு வந்தது.

ரிப்போர்ட்ரூம்

மோசடிக்காரர்களாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனால் நீங்களே முடிவு செய்யவேண்டாம். அழைத்த எண், நேரம், ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் உடனே ஐஓ-வுக்கு அனுப்புங்கள். ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள். பதிவிலிருந்து மகனின் நம்பரை எடுத்துவிட்டு 999-ஐயும் ரிப்போர்ட் எண்ணையும் போடுங்கள். உடம்பில் உள்ள ஓர் அடையாளத்தை, தழும்போ கயிறோ, பதிவில் எழுதாமல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து அழைப்பவனிடம் "இடது கையில் என்ன கட்டியிருக்கிறார்?" என்று கேளுங்கள்.