10 அடியா, 12 அடியா? வண்டிக் கொட்டகையில் இரண்டு தூண் லிஃப்ட்

பள்ளத்தூர் பழைய வண்டி
"இரண்டு தூண் லிஃப்டைக் கொட்டகையின் நட்டநடுவில் நிறுத்துங்கள், கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தலாம்" என்று நேற்று இங்கே ஒருவர் அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதியிருக்கிறார். என் கொட்டகை 24 அடி நீளம். வண்டியை இரு பக்கமும் கைகொடுத்துத் தூக்கும் அந்த இரண்டு தூணும் பின்சுவரிலிருந்து 10 அடியில். மூக்கை உள்ளே விட்டு அம்பாசடரை ஏற்றினால் தூணுக்கு முன்னால் 5 அடி, பின்னால் 9 அடி. மூக்குக்கும் சுவருக்கும் இடையே 5 அடி மிஞ்சுகிறது, வைஸ் மேசை போட்டு நின்று வேலை பார்க்கலாம். 12 அடி என்பவர் வண்டியைத் தூக்கியே பார்த்திருக்க மாட்டார்.

கானாடுகாத்தான் கொட்டகை
அந்த "ஒருவர்" நான்தான் அண்ணே. பெயரைச் சொல்ல என்ன கூச்சம்? எனக்கும் 24 அடிதான். தூண் 12 அடியில். அம்பாசடர் முன்னால் ஆறரை, பின்னால் ஏழரை என்று நிற்கிறது. இரண்டு பக்கமும் நடக்க இடம் இருக்கிறது. ஆறு வருடமாக ஆடவில்லை, அசையவில்லை.

பள்ளத்தூர் பழைய வண்டி
ஆறரை ஏழரையா? இன்ஜின் கனம் எந்தப் பக்கம் என்று யாராவது சொல்லிக் கொடுங்கள். அப்படி நிறுத்தினால் கதவைத் திறக்கும்போது தூணில் இடிக்குமே, ஜன்னல் வழியாகவா இறங்குகிறீர்கள்? 10 அடி.

தேவகோட்டை மெக்கானிக்
இருவரிடமும் ஒன்று கேட்கிறேன். லிஃப்டின் நான்கு கையும் ஒரே நீளமா, அல்லது முன்கை குட்டை, பின்கை நீளமா? தூண் நேராகப் பார்க்கிறதா, சற்றுத் திரும்பி நிற்கிறதா? வண்டி தூணுக்கு முன்னே பின்னே எவ்வளவு நிற்கும் என்பது அதைப் பொறுத்தது; அது தெரியாமல் 10, 12 என்பதில் பொருளில்லை. அளப்பதும் தூணின் மையத்துக்கா, அடித்தகட்டின் விளிம்புக்கா?

கானாடுகாத்தான் கொட்டகை
12 அடிக்குத்தான் அளந்தேன், வேறு என்ன?

பள்ளத்தூர் பழைய வண்டி
கையின் நீளத்தைக் கேட்டு யாரும் குழப்ப வேண்டாம். 10 அடி என்றால் 10 அடி. என் அப்பச்சி ரங்கூனிலிருந்து வந்து கட்டிய கொட்டகை அது. மேல் உத்தரம் 13 அடியில். வண்டியை 6 அடி தூக்கினால் 5 அடி 3 அங்குல உயர அம்பாசடரின் கூரை பதினொன்றேகால் அடியில் நிற்கும். மேலே இன்னும் கையை நீட்டலாம். உங்கள் தகரக் கூரையில் முடியுமா?

ஆத்தங்குடி மருமகன்
அது கிடக்கட்டும். கொட்டகையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்ததாகச் சொன்னீர்களே, அதன் மேலேயே போல்ட் அடித்தீர்களா?

பள்ளத்தூர் பழைய வண்டி
எனக்கு அவ்வளவு அறிவு குறைவா? தூண் நிற்கும் இடத்தில் கல்லைப் பெயர்த்தேன். அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். தூணைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் அதில் பிடிக்காது, கையால் இழுத்தாலே வந்துவிடும். தோண்டிக் கம்பி கட்டி 6 அங்குலக் கான்கிரீட் போட்டு, 28 நாள் இறுக விட்டு, பிறகுதான் துளையிட்டேன். ஆத்தா மட்டும் பெயர்த்த கற்களை எண்ணி அடுக்கிவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆத்தங்குடி மருமகன்
ஆத்தா பேசாமல் இருந்தது சரிதான். கண்ணாடியின் மேல் ஒவ்வொன்றாகக் கையால் ஊற்றிய கல். அதை லிஃப்டுக்காகப் பெயர்க்க மனம் வந்ததே!

கானாடுகாத்தான் கொட்டகை
நான் கல்லைத் தொடவே இல்லை. கொட்டகையில் வெறும் மண்தரைதான் இருந்தது. அதில் கான்கிரீட் போட்டு 12 அடியில் நிறுத்தினேன், வேலை முடிந்தது. அது சரி, போன மாசிக்கு வாங்கிப் போன என் ஜாக்கி எங்கே அண்ணே?

பள்ளத்தூர் பழைய வண்டி
பேச்சை மாற்றாதீர்கள். லிஃப்ட் இருப்பவருக்கு ஜாக்கி எதற்கு? தவறான இடத்தில் நிறுத்தியதால் தேவைப்படுகிறதோ?

தேவகோட்டை மெக்கானிக்
கை நீளம் இன்னும் வரவில்லை.

கானாடுகாத்தான் கொட்டகை
ஞாயிற்றுக்கிழமை அளவுநாடாவோடு வருகிறேன். ஜாக்கியை முகப்பில் எடுத்து வையுங்கள்.

பள்ளத்தூர் பழைய வண்டி
வாருங்கள். ஜாக்கி பின்சுவரிலிருந்து 10 அடியில்தான் கிடக்கிறது.