விசைப்படகில் புதுப் பையனுக்குக் கை போனால் யார் பொறுப்பு?

பாம்பன்_ஸ்ராங்கு:
எதுக்கெடுத்தாலும் ஓனர்தான் பொறுப்புன்னு முடிச்சுடுறீங்க. கடல்ல ஓனர் ஏது? வலைக் கம்பியை டிரம்முல சுத்தி இழுக்கிற வின்ச் ஓடும்போது பையன் எங்கே நிக்கணும்னு சொல்றது படகு ஓட்டுற டிரைவர். பொறுப்பும் அவருக்குத்தான். இது மீன் வித்த காசைப் பிரிச்சுக்கிற பங்குத் தொழில், சம்பள வேலை இல்லை.

மண்டபம்_மடி:
அண்ணே, பங்கு மீனுக்கு. இரும்பு யாருது? டிரம்முக்குக் காப்புத் தகடு கிடையாது, செயின் திறந்து கிடக்கு. இழை அறுந்து முள்ளா நீட்டிக்கிட்டிருக்கிற கம்பியை "இன்னும் ஒரு நடை ஓடட்டும்"னு அனுப்புறது கரையில இருக்கிறவர். அந்த முள் தொளதொள கையுறையில மாட்டினா கையோட இழுத்துக்கும். கைலி நுனியும் அப்படித்தான். லீவர் பிடிக்கிறவருக்கு டிரம் கண்ணுல படலைன்னா, கிளட்ச்சை விடுறதுக்குள்ள ரெண்டு சுத்து சுத்திரும்.

பாம்பன்_ஸ்ராங்கு:
கம்பி புதுசாவே இருக்கட்டும், வலையோட மடி கடலடிப் பாறையில மாட்டினா? முதல்ல வேகத்தைக் குறைச்சு நியூட்ரலுக்கு வரணும். ஆளை விலக்கணும். அப்புறம்தான் வின்ச். கம்பி கப்பியில வளையுற இடத்துல உள்பக்கம் யாரும் நிக்கக் கூடாது; கப்பி பிச்சுக்கிட்டா கம்பி அந்தப் பக்கமாத்தான் வீசி நேராகும். இதை எந்த ஓனர் வந்து பார்ப்பார்?

தொண்டி_ஐஸ்:
ரெண்டு பேரும் வின்ச்சையே பிடிச்சுத் தொங்குறீங்க. ஒல்லியா இருக்கான், நுழைஞ்சுருவான்னு பையனை இறக்குறது மீன் அறையில. அடியில மீன் கழிவு அழுகினா ஹைட்ரஜன் சல்பைடு வரும். முதல்ல அழுகின முட்டை நாத்தம். 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துக்கு 100 பங்கு) கிட்ட வந்தா மூக்கு மரத்துரும். நாத்தம் போச்சு, வாயுவும் போச்சுன்னு இறங்குவான். காத்தை விட கனமான வாயு, மூடியைத் திறந்து வச்சா மட்டும் போகாது. ஊதுற விசிறியோட குழாயை அடிவரைக்கும் விடணும். மீட்டர்ல ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினா யாரும் இறங்கக் கூடாது. இறங்குறவன் உடம்புல கயிறு, மேல ஒரு ஆள். விழுந்தவனைத் தூக்கக் குதிக்கிறவன்தான் ரெண்டாவது பிணம்.

மண்டபம்_மடி:
விசிறி, மீட்டரை டிரைவரா வாங்குவார்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் படகு சும்மா நிக்குது. காப்புத் தகடு அடிக்கவும், பையனுக்கு நிக்கிற இடம் காட்டவும் அது போதாதா? ஆபத்தான எந்திரத்துல பழக்காம இளவட்டத்தை நிறுத்தக் கூடாதுன்னு 1948 தொழிற்சாலைச் சட்டம் 23ஆம் பிரிவே சொல்லுச்சு. படகு தொழிற்சாலை இல்லைதான். விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

பாம்பன்_ஸ்ராங்கு:
சரி, தகடும் மீட்டரும் ஓனர் செலவு. நிறுத்துற இடம் டிரைவர் பொறுப்பு. அதுல மாறமாட்டேன்.

மண்டபம்_மடி:
ஓனர் செலவுன்னா அவர் பங்குல இருந்து. டீசல், ஐஸ் மாதிரி பொதுச்செலவுல கழிச்சா பையன் பங்கும்ல குறையும்?

பாம்பன்_ஸ்ராங்கு:
அதை ஓனருங்க கூட்டத்துல போய்ச் சொல்லுங்க தம்பி.