தாராவி தோல் பை பட்டறைக்கு ஆன்லைன் விற்பனை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மும்பைத் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். என் சித்தப்பா தாராவியில் சின்னப் பட்டறை வைத்துத் தோல் பர்ஸ், பெல்ட், கைப்பை தைக்கிறார். இத்தனை வருடமும் மொத்த வியாபாரிக்குத்தான் சரக்கு போடுகிறார். அவர்கள் பணம் தருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அதனால் ஆன்லைனில் நேரடியாக விற்க வைக்கலாம் என்று நான் இறங்கியிருக்கிறேன்.

வருட விற்பனை 40 லட்சத்துக்குள்தான். 2023 அக்டோபரிலிருந்து இப்படிப்பட்டவர்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே, பான் வைத்து ஒரு பதிவு எண் மட்டும் வாங்கி, விற்பனைத் தளங்களில் பொருள் விற்கலாம். ஆனால் மகாராஷ்டிராவுக்குள் மட்டும்தான். சென்னை, பெங்களூருக்கு அனுப்ப வேண்டுமென்றால் முழு ஜிஎஸ்டி எடுத்தாக வேண்டும். அப்புறம் வரிக் கணக்குத் தாக்கல், ஆடிட்டர் செலவு. முதலில் மாநிலத்துக்குள் விற்றுப் பார்ப்பதே சரி என்று எனக்குப் படுகிறது. இப்படித் தொடங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? போதிய ஆர்டர் வந்ததா?

முக்கியமான சிக்கல் முகவரிச் சான்று. பட்டறை வாடகை இடம், எழுதிய ஒப்பந்தம் கிடையாது, கரண்ட் பில் உரிமையாளர் பெயரில். அவரிடம் சம்மதக் கடிதம் வாங்கினால் ஏற்பார்களா?

இன்னொன்று, திரும்பி வரும் பொருட்கள். பக்கத்துப் பட்டறைக்காரருக்குப் புதுப் பைக்குப் பதிலாக யாரோ பயன்படுத்திய பழைய பை திரும்பி வந்திருக்கிறது. தளத்தில் புகார் செய்தும் பணம் கிடைக்கவில்லை. பேக் செய்வதையும் பிரிப்பதையும் வீடியோ எடுத்து வைத்தால் பலன் உண்டா? கையில் பணம் கொடுக்கும் ஆர்டரை நிறுத்திவிடலாமா?

ஓஎன்டிசி (அரசு ஆதரவில் நடக்கும் பொது ஆன்லைன் வணிக வலையமைப்பு) வழியாக விற்பவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள். சித்தப்பாவுக்குத் தமிழும் இந்தியும் பேச வரும், ஆப்பை நான்தான் பார்த்துக்கொள்வேன்.