வெஸ்டர்ன் ப்ளாட்ல பாஸ்போ எர்க் (பாஸ்பேட் ஒட்டின எர்க் ப்ரோட்டீன்) பேண்ட் வரவே மாட்டேங்குது, டோட்டல் எர்க் (பாஸ்பேட் இருந்தாலும் இல்லாட்டியும் மொத்த எர்க்) மட்டும் பளிச்னு வருது. யாராச்சும் சொல்லுங்க

ஜெல்பூச்சி:
ஹீலா செல்ல ராத்திரி முழுக்க சீரம் இல்லாம வச்சு, காலைல எர்க்க தூண்டி விட ஈஜிஎஃப் (வளர்ச்சிக் காரணி) போட்டு பத்து நிமிஷத்துல எடுக்குறேன். டோட்டல் எர்க் 42, 44 கிலோடால்டன் ரெண்டு இடத்துலயும் அழகா வருது, ஆனா பாஸ்போ எர்க் ஆன்டிபாடி போட்டா மெம்பிரேன் முழுக்க ஒரே கருப்பு, அதுக்குள்ள பேண்ட் இருக்கா இல்லையான்னே தெரியல. ராபிட் ஆன்டிபாடி, 1:1000, ப்ளாக்கிங்கும் (மெம்பிரேன்ல காலி இடத்த மூடுறது) பால்லதான் ஆன்டிபாடியும் பால்லதான். புதுசு வாங்க காசு இல்லன்னு கைடு கைய விரிச்சிட்டாரு. ஆன்டிபாடி செத்துடுச்சா?

வெள்ளெலி:
பால்தான் ப்ரோ. பால் ப்ரோட்டீன் கேசின் முழுக்க பாஸ்பேட். டிபிஎஸ்டி பஃபர்ல 5% பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின்) போட்டு பாருங்க, சரியாயிடும்.

பழையபிப்பெட்:
பிஎஸ்ஏக்கு மாறுறது நல்லதுதான், ஆனா எல்லாரும் பால் மேலயே பழி போடுறாங்க. இந்த ஆன்டிபாடி எர்க்ல பாஸ்பேட் ஒட்டுற திரியோனின் 202, டைரோசின் 204 அமினோ அமிலங்கள் இருக்கற அந்த சின்னத் துண்டைத்தான் தேடுது, கேசின்ல அந்த வரிசை கிடையாதே. டோட்டல் வந்துச்சுன்னா ட்ரான்ஸ்ஃபர் நல்லா ஆயிருக்குன்னு மட்டும்தான் தெரியும், பாஸ்பேட் ஒட்டிட்டு இருக்கான்னு அது சொல்லாது. லைசிஸ் (செல்ல உடைக்கிறது) எப்படி பண்றீங்க?

ஜெல்பூச்சி:
ட்ரிப்சின் போட்டு எடுத்து, சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி, பிபிஎஸ்ல கழுவி, அப்புறம் பஃபர் அக்கா. ப்ரோட்டியேஸ் இன்ஹிபிட்டர் இருக்கு, பாஸ்பேட் கழண்டு போகாம தடுக்கற வனடேட் இருக்கு. வனடேட் பாட்டில் லேசா மஞ்சளா இருக்கு, அது நார்மலா?

பழையபிப்பெட்:
அட, அதத்தான் மொதல்ல கேட்டிருக்கணும். மஞ்சள்னா டெக்காவனடேட்டா சேந்து போச்சு, டைரோசின்லேர்ந்து பாஸ்பேட்ட வெட்டுற என்சைம், அதாவது பாஸ்படேஸ, சரியா தடுக்காது. பிஎச் 10க்கு கொண்டு போய், நிறம் போற வரைக்கும் கொதிக்க வச்சு, ஆறவிட்டு மறுபடி பிஎச் பாருங்க, 10லயே நின்னு நிறமும் வராத வரைக்கும் இதையே திரும்பத் திரும்ப. இன்னொன்னு, வனடேட் டைரோசின் பக்கம் மட்டும்தான் பாத்துக்கும், திரியோனினுக்கு சோடியம் ஃப்ளோரைடும் பீட்டா கிளிசரோஃபாஸ்பேட்டும் வேணும். ட்ரிப்சின விடுங்க, நீங்க சுத்தி முடிக்கறதுக்குள்ள பாஸ்படேஸ் பந்தி போட்டு சாப்ட்டு முடிச்சிடும். மீடியத்த உறிஞ்சிட்டு சூடான லேம்லி பஃபர (ஜெல்லுக்கு சாம்பிள் கலக்கற எஸ்டிஎஸ் பஃபர்) நேரா டிஷ் மேல ஊத்துங்க, சுரண்டி எடுத்து கொதிக்க வைங்க, டிஎன்ஏ கோந்து மாதிரி இழுக்கும், சோனிகேட் பண்ணிக்கோங்க (ஒலி அலையில அத உடைக்கிறது). சீரம் இல்லாதது, ஈஜிஎஃப், யு0126 (எர்க்குக்கு பாஸ்பேட் ஒட்டுற மெக் என்சைம தடுக்கற மருந்து) முன்னாடியே போட்டு அப்புறம் ஈஜிஎஃப், மூணு லேன் போதும்.

வெள்ளெலி:
ஆன்டிபாடிய திருப்பி யூஸ் பண்ண சோடியம் அசைட் போட்டு வச்சா, நல்லா கழுவிட்டு செகண்டரி ஆன்டிபாடி போடுங்க, அதுல ஒட்டியிருக்கற எச்ஆர்பி என்சைம (பேண்ட்ட காட்டறதே அதுதான்) அசைட் கொன்னுடும்.

ஜெல்பூச்சி:
வந்துடுச்சு அக்கா!! பிஎஸ்ஏ, சூடு லேம்லி ரெண்டும் சேத்து மாத்தினேன், பேக்ரவுண்டும் கொறஞ்சிருக்கு. யு0126 லேன் காலி. ஆனா சீரம் இல்லாத லேன்லயும் லேசா ஒரு பேண்ட் இருக்கே?

பழையபிப்பெட்:
ஈஜிஎஃப் லேன்ல பேண்ட் வந்து யு0126 லேன் காலின்னா ஆன்டிபாடி உயிரோடதான் இருக்கு, கைடு பர்ஸும் தப்பிச்சுது 😄 லேசான பேண்டுக்கு, கடைசி நேரத்துல மீடியம் மாத்துனீங்களா பாருங்க. மீடியம் ஊத்துற ஓட்டத்துக்கே எர்க் முழிச்சுக்கும். செறிவான ஈஜிஎஃப துளியூண்டு மட்டும் அப்படியே மீடியத்துல விடுங்க, கண்ட்ரோல் டிஷ்லயும் அதே அளவு வெறும் பஃபர் விடுங்க, எல்லா டிஷ்ஷும் ஒரே நேரம் வெளிய இருக்கட்டும். அப்படியும் கொஞ்சம் இருந்தா இருக்கட்டும், ஹீலால முழு பூஜ்யம் வராது.

ஜெல்பூச்சி:
இதே மெம்பிரேன ஸ்ட்ரிப் பண்ணி (ஒட்டின ஆன்டிபாடிய கழட்டி) டோட்டல் பாக்கலாமா?

பழையபிப்பெட்:
பாக்கலாம், மொதல்ல பாஸ்போ, அப்புறம்தான் டோட்டல். ஸ்ட்ரிப் பண்ணதும் செகண்டரி மட்டும் போட்டு ஒரு தடவ டெவலப் பண்ணுங்க, பழைய ராபிட் ஒட்டிட்டு இருந்தா அதுல தெரிஞ்சிடும்.