பெற்றோர் இருவரும் பிடிபட்டால் பிள்ளைகள் யாரிடம்? (கலிபோர்னியா)

கேள்வி:
கணவன், மனைவி இருவருக்கும் பேப்பர் (அமெரிக்காவில் தங்கச் சட்டப்படியான ஆவணம்) இல்லை. 4, 9 வயதுப் பிள்ளைகள் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். 'ஐஸ்' (அமெரிக்கக் குடிவரவு அமலாக்கத் துறை) இருவரையும் ஒரே நாளில் பிடித்தால் பிள்ளைகள் அரசுப் பொறுப்புக்குப் போய்விடுவார்களோ என்று பயம். சித்திக்கு இப்போதே கோர்ட்டில் கார்டியன்ஷிப் (சட்டப்படி பாதுகாவலர் பொறுப்பு) கொடுத்துவிடலாமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள். கோர்ட் கார்டியன்ஷிப் கொடுத்துவிட்டால், பெற்றோர் வெளியே வந்தாலும் அதை நீக்க மறுபடி கோர்ட் ஏற வேண்டும். கலிபோர்னியாவில் 'கேர்கிவர் அஃபிடவிட்' (பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் தரும் உறுதிமொழிப் பத்திரம்) போதும். அதில் கையெழுத்துப் போடுவது பெற்றோர் அல்ல, பிள்ளையைத் தன் வீட்டில் வைத்திருக்கும் சித்தி. நோட்டரி தேவையில்லை, பெற்றோர் உரிமையும் போகாது. சித்தி உறவு என்பதால் பள்ளியில் சேர்க்கலாம், டாக்டரிடமும் காட்டலாம். உறவில்லாதவர் என்றால் மருத்துவ அதிகாரம் குறையும். விவரங்களை இப்போதே நிரப்பி வையுங்கள்; பிள்ளைகள் அவர் வீட்டுக்கு வந்த அன்று கையெழுத்து.

பதில் 2:
அதற்கும் முன்னால் பள்ளியின் எமர்ஜென்சி கார்டைப் பாருங்கள். பள்ளி விடும் நேரத்தில் சித்தி வாசலில் நின்றாலும், கார்டில் பெயர் இல்லையென்றால் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். இரண்டு மூன்று பேர் பெயர் போடுங்கள், இன்றைக்கே. இன்ஹேலர், அலர்ஜி இருந்தால் மருந்து, அளவு எல்லாம் ஒரு தாளில் எழுதி சித்தியிடம் கொடுங்கள்.

இதில் அலட்சியம் கூடாது. 1997 கூட்டாட்சிச் சட்டப்படி, பிள்ளை 22 மாதத்தில் 15 மாதம் ஃபாஸ்டர் கேரில் (அரசுப் பொறுப்பிலான வளர்ப்பில்) இருந்தால், சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையையே ரத்து செய்ய மாநிலம் மனு போட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
சித்திக்கும் பேப்பர் இல்லை. பரவாயில்லையா?

பதில் 1:
அஃபிடவிட்டுக்கு அது தடையில்லை. ஆனால் அவரும் அதே ஆபத்தில் இருக்கிறாரே! குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள இன்னொருவரையும் தயார் செய்து வையுங்கள்.

பதில் 3:
பிள்ளைகளின் அமெரிக்க பாஸ்போர்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 16 வயதுக்குள் என்றால் டிஎஸ்-11 படிவத்தோடு பெற்றோர் இருவரும் நேரில் போக வேண்டும். ஒருவர் வர முடியாவிட்டால் டிஎஸ்-3053 சம்மதப் படிவத்தில் அவர் நோட்டரி முன் கையெழுத்துப் போட வேண்டும். தடுப்பு மையத்துக்குள் நோட்டரி கிடைப்பது பெரும்பாடு. படிவத்தில் பெற்றோர் குடிமக்களா என்ற கேள்வியும் உண்டு. போகும் முன் குடிவரவு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோரோடு இந்தியா போகும் நிலை வந்தால் பிள்ளைகளுக்கு விசாவோ ஓ.சி.ஐ.யோ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) தனியாக எடுக்க வேண்டும்.

பெற்றோரின் 9 இலக்க 'ஏ-நம்பர்' (குடிவரவுத் துறை ஒருவருக்குத் தரும் பதிவு எண்) இருந்தால் சித்தியிடம் எழுதிக் கொடுங்கள். ஐஸ் இணையதளத்தில் ஆளைத் தேட அந்த எண்ணும் பிறந்த நாடும் போதும். பெயர் போட்டுத் தேடினால் எழுத்து அப்படியே பொருந்த வேண்டும். நம் பெயர்களில் இனிஷியலும் அப்பா பெயரும் இடம் மாறிப் பதிவாகி, ஆளே இல்லை என்று காட்டிவிடும்.