ராணுவத்தில் டிஸ்மிஸ் ஆன அண்ணன்: அதை டிஸ்சார்ஜ் என்று மாற்ற வழி உண்டா?

புதுவயல்காரன் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். நான் காரைக்குடி பக்கம் புதுவயல், ரைஸ் மில் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். என் அண்ணனுக்காகக் கேட்கிறேன். அவரையே எழுதச் சொன்னால் எரிந்து விழுகிறார்.

2003ல் ராணுவத்தில் சேர்ந்தார். வெலிங்டனில் ட்ரெய்னிங், அப்புறம் ராஜஸ்தான், நடுவில் இரண்டு முறை காஷ்மீர். இரண்டாவது தடவை காஷ்மீர் போய் வந்த பிறகுதான் குடி முற்றியது என்று அண்ணி சொல்வார், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. லீவில் வந்தால் குறித்த நாளில் திரும்பிப் போக மாட்டார். இப்படியே மூன்று ரெட் இங்க் என்ட்ரி (சர்வீஸ் ரெக்கார்டில் சிவப்பு மையில் ஏறும் தண்டனைக் குறிப்பு) ஏறிவிட்டது, அதில் ஒன்று 28 நாள் ஆர்.ஐ., அதாவது கடுங்காவல். கடைசியாக 2018ல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார், அண்ணன் லீவு முடிந்தும் ஒன்றரை மாதத்துக்கு மேல் இங்கேயே இருந்துவிட்டு அப்புறம் தானாகவே யூனிட்டில் போய் ஆஜரானார். சம்மரி கோர்ட் மார்ஷல் (சுருக்கமாக நடத்தும் ராணுவ விசாரணை) வைத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதி, இரண்டு மாதம் சிறை, கூடவே டிஸ்மிஸ். டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துபோனது என்கிறார்.

காலண்டர்படி பதினைந்து வருஷம் தாண்டித்தான் வெளியே வந்தார். ஆனால் பென்ஷன் கிடையாது, கேன்டீன் கார்டு கிடையாது, ஈ.சி.எச்.எஸ். என்கிற முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவ வசதியும் கிடையாது. இப்போது கானாடுகாத்தான் பக்கம் ஓட்டலாக மாற்றிய ஒரு பழைய செட்டியார் வீட்டில் ராத்திரி வாட்ச்மேன். முன்னாள் ராணுவத்தினருக்குச் சம்பளம் கூட என்று செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர் டிஸ்சார்ஜ் புக் கேட்டாராம். அண்ணன் கையிலிருந்த காகிதத்தைக் காட்டியிருக்கிறார். அவர் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்து, சாதாரண ஆள் சம்பளத்தில் போட்டுக்கொண்டார்.

'டிஸ்சார்ஜ் அப்கிரேடு' என்று ஒன்று இருக்கிறது, ஃபாரம் நிரப்பி அனுப்பினால் போதும் என்று வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரப் பையன் சொல்கிறான். இங்கே ஒருவர் ஐம்பதாயிரம் கொடுத்தால் சென்னையில் ஆள் வைத்து முடித்துத் தருகிறேன் என்கிறார். எதை நம்புவது?

சுபேதார்_தேவகோட்டை:

தம்பி, முதலில் அந்த ஐம்பதாயிரத்துக்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இது ஆள் வைத்து முடிக்கிற காரியமில்லை.

உங்கள் சொந்தக்காரப் பையன் சொல்வது அமெரிக்கச் சமாச்சாரம். நம் பட்டாளத்தில் அப்படித் தனி போர்டு கிடையாது. இங்கே டிஸ்மிஸ் என்றால் தண்டனை, டிஸ்சார்ஜ் என்றால் விடுவிப்பு. டிஸ்மிஸ் ஆனவனுக்கு அதுவரை செய்த மொத்த சர்வீஸுக்கும் பென்ஷன், கிராஜுவிட்டி எதுவும் இல்லை. அதே ஆளை ஆர்மி ரூல் 13ன் கீழ் டிஸ்சார்ஜ் செய்து அனுப்பியிருந்தால், ரெட் இங்க் எத்தனை இருந்தாலும், பதினைந்து வருஷம் முடித்திருந்தால் பென்ஷன் உண்டு.

ஆனால் அந்தப் பதினைந்து வருஷத்தைக் காலண்டர் பார்த்து எண்ணாதீர்கள். ஆப்சென்ட் ஆன நாட்கள், உள்ளே இருந்த நாட்கள் எல்லாம் பென்ஷனுக்கான சர்வீஸில் கழியும். அந்த 28 நாளும் போகும், கடைசி ஒன்றரை மாதமும் போகும், அதற்கு முன்னால் லீவு தாண்டி உட்கார்ந்ததெல்லாம் போகும். கழித்த பிறகு பதினைந்துக்குக் கீழே இறங்கினாலும் இறங்கலாம். இறங்கினாலும் பயப்பட வேண்டாம், ஒரு வருஷம் வரை குறைவை மன்னிக்க விதி இருக்கிறது, கேட்டால்தான் தருவார்கள். கோர்ட்டுக்குப் போகும் முன் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸிலிருந்து சர்வீஸ் கணக்கை வாங்குங்கள். இதைச் செய்யாமலே கேஸ் போட்டுத் திண்டாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கண்டனூர்_77:

மனசு புண்படும் என்றாலும் சொல்கிறேன். நாலு தடவை லீவு தாண்டி வீட்டில் உட்கார்ந்தவருக்கு எதற்குப் பென்ஷன்? அவர் இங்கே இருந்த நாளில் அவருடைய சென்ட்ரி டியூட்டியை இன்னொருத்தன் சேர்த்துப் பார்த்திருப்பான், அவனுக்கும் வீட்டில் அப்பா அம்மா இருந்திருப்பார்கள். என் சித்தப்பா மகன் சியாச்சினில் இருந்தபோது அவனுடைய அப்பத்தா இறந்ததுக்கே வர முடியவில்லை. ராணுவம் ஒழுங்கில்தான் நிற்கிறது, ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னால் என்ன ஆகும்?

சிவகங்கை_வக்கீல்:

கண்டனூர் அண்ணே சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை, அரசுத் தரப்பு வக்கீலும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வார். அதனால்தான் 'என் கட்சிக்காரர் தப்பே செய்யவில்லை' என்று போய் நிற்கக் கூடாது. தப்பு நடந்தது, தண்டனையும் இருக்கட்டும், ஆனால் பதினைந்து வருஷ உழைப்பையும் பிடுங்குகிற அளவுக்குத் தண்டனை இருக்க வேண்டுமா, அது முறைப்படிதான் கொடுக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

1987ல் ரஞ்சித் தாக்கூர் வழக்கு. சிக்னல்ஸ் பிரிவுச் சிப்பாய், ஏற்கெனவே தண்டனையில் இருந்தவர், சாப்பிடச் சொன்ன உத்தரவை மீறினார் என்று சம்மரி கோர்ட் மார்ஷல் வைத்து ஒரு வருஷம் கடுங்காவலும் டிஸ்மிஸும் கொடுத்தார்கள். யார் மேல் அவர் புகார் அனுப்பினாரோ அதே அதிகாரி விசாரணையிலும் உட்கார்ந்திருந்தார். தண்டனை குற்றத்துக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை, பாரபட்சமும் இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் மொத்தத்தையும் ரத்து செய்தது. அளவு மீறிய தண்டனை என்று வாதாடுகிற எந்த ராணுவ வழக்கிலும் இதைக் காட்டாமல் இருக்க மாட்டார்கள்.

2015ல் வீரேந்திர குமார் துபே வழக்கு. நாலு ரெட் இங்க் விழுந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஒருவரை வெளியே அனுப்பிவிட முடியாது, முதலில் விசாரணை வேண்டும், எத்தனை வருஷம் உழைத்தார், எப்படிப்பட்ட கஷ்டமான இடங்களில் இருந்தார், பென்ஷனுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. கவனம், அது ரூல் 13 டிஸ்சார்ஜ் வழக்கு. உங்கள் அண்ணனுக்கு நடந்தது கோர்ட் மார்ஷல், அதனால் அப்படியே பொருந்தாது. ஆனால் காஷ்மீரில் இரண்டு முறை இருந்தவர், பென்ஷன் வாசலில் நின்றவர் என்று சொல்ல அந்தத் தீர்ப்பு கை கொடுக்கும்.

அப்புறம் அந்த 'டீ குடிக்கிற நேரம்'. சம்மரி கோர்ட் மார்ஷலில் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிமன்றம், கூட இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு ஓட்டு இல்லை. அவ்வளவு அதிகாரம் ஒருவர் கையில் இருப்பதால்தான், உடனடி நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டிய அவசரத்தில் மட்டும் இதை வைக்க வேண்டும் என்று விஷ்வ பிரியா சிங் வழக்கில் 2016ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தானாக வந்து ஆஜரான ஆளிடம் என்ன அவசரம் என்று கேட்கலாம். குற்றச்சாட்டைச் சொன்ன பிறகு விசாரணைக்கு 96 மணி நேரமாவது இடைவெளி தந்திருக்க வேண்டும், ஆக்டிவ் சர்வீஸ் (களப்பணி) என்றால் 24 மணி நேரம். ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்பதை விளக்கிவிட்டுத்தான் ஒப்புதலை எழுத வேண்டும், அது ரூல் 115. அந்த ஒப்புதலுக்குக் கீழே சிப்பாயின் கையெழுத்து இல்லை என்பதை வைத்தே தண்டனை ரத்தான வழக்குகள் உண்டு. ஆகவே அந்த விசாரணைக் காகிதங்கள் கையில் வேண்டும். அண்ணனிடம் இல்லாவிட்டால் யூனிட்டுக்கும் ரெக்கார்ட்ஸுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர்தான் செலவு, ராணுவம் அந்தச் சட்டத்துக்கு விலக்கு இல்லை. கோர்ட் மார்ஷல் ஃபைலை என்றைக்கும் வைத்திருக்க மாட்டார்கள், குறிப்பிட்ட வருஷம் கழித்து அழித்துவிடுவார்கள், அதனால் இந்த வாரமே போடுங்கள்.

நியூஜெர்சி_பள்ளத்தூரான்:

அந்த 'அப்கிரேடு' விஷயத்தை இங்கிருந்து நான் தெளிவாக்குகிறேன், இல்லாவிட்டால் இந்த ஃபாரத்தைத் தேடி நேரத்தை வீணாக்குவீர்கள். அமெரிக்காவில் படையை விட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் எப்படி வெளியே வந்தார் என்று ஒரு தரம் போடுவார்கள், 'கௌரவமான' விடுவிப்பில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கீழே இறங்கும். கீழ்த்தரம் விழுந்தவர் டி.டி. 293 என்ற ஃபாரத்தில் டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டுக்கு எழுதலாம், வெளியே வந்து பதினைந்து வருஷத்துக்குள். ஜெனரல் கோர்ட் மார்ஷலில் வந்ததென்றால் அந்த போர்டு தொடாது, அதற்கு வேறு போர்டு, வேறு ஃபாரம். போர் மன உளைச்சலால்தான் தப்பு நடந்தது என்று சொல்பவர்களைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று 2014ல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஹேகல் உத்தரவே போட்டார்.

அந்த ஃபாரம் உங்களுக்கு உதவாது, ஆனால் வாதம் உதவும். காஷ்மீருக்குப் பிறகு குடி, குடியால் ஆப்சென்ட் என்று ஒரு வரிசை இருக்கிறது அல்லவா? அந்தக் காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரியில் எதற்காவது காட்டினாரா, மெடிக்கல் கேட்டகரி (உடல் தகுதித் தரம்) இறக்கினார்களா, இதையெல்லாம் அண்ணனிடம் பக்குவமாகக் கேளுங்கள்.

புதுவயல்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கண்டனூர் அண்ணே, நீங்கள் சொன்னதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன், கோபப்படுவார் என்று நினைத்தேன், 'சரியாத்தானே சொல்றார்' என்றார்.

பீரோவைக் கொட்டித் தேடியதில் வெளியே வரும்போது கொடுத்த சர்டிபிகேட் கிடைத்தது. சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, காரணம் எல்லாம் போட்டிருக்கிறது. விசாரணைக் காகிதம் எதுவும் இல்லை. உதம்பூர் ராணுவ ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் அட்மிட் ஆன சீட்டு ஒன்று கிடைத்தது, எதற்கு என்று கேட்டால் 'தூக்கம் வரலைன்னு போனேன்' என்பதோடு சரி.

ஒரு சந்தேகம், இத்தனை வருஷம் கழித்துப் போனால் ஏற்பார்களா?

சிவகங்கை_வக்கீல்:

அந்த ஆஸ்பத்திரிச் சீட்டை லேமினேட் பண்ணிவிடாதீர்கள், பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். அதை வைத்து மெடிக்கல் ரெக்கார்டும் கேட்டு மனு போடுங்கள்.

தாமதம்தான் உங்கள் வழக்கில் நோஞ்சான் இடம். ராணுவத்தினர் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் பொதுவாக ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. பென்ஷன் பாக்கி மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள், 2008ல் தர்செம் சிங் வழக்கில் அப்படிச் சொல்லியிருப்பதும் உண்மை. ஆனால் டிஸ்மிஸ் உத்தரவு ஒரே நாளில் நடந்து முடிந்த விஷயம், அதை அப்படித் தொடர்ந்து நடப்பதாகக் காட்டுவது கஷ்டம். அப்பா படுத்த படுக்கை, கையில் காகிதம் இல்லை, வருமானம் இல்லை என்று ஒவ்வொரு காலத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அப்பாவின் ஆஸ்பத்திரி பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் எடுத்து வையுங்கள்.

முதல் வேலை, ராணுவச் சட்டம் 164வது பிரிவில் ராணுவத் தலைமைத் தளபதிக்கோ மத்திய அரசுக்கோ மனு. டிஸ்மிஸை டிஸ்சார்ஜாக மாற்றுங்கள் என்று கேட்பது ஒன்று. அது முடியாவிட்டால் பென்ஷன் விதிகளிலேயே இன்னொரு சந்து இருக்கிறது: டிஸ்மிஸ் ஆனவருக்கு பென்ஷன் இல்லை என்று சொல்கிற அதே விதி, விதிவிலக்கான நேர்வில் மேல்முறையீட்டின் பேரில் கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. பழைய 1961 விதிகளில் அது 113. டிஸ்மிஸ் என்ற பெயர் அப்படியே இருக்கும், பென்ஷன் மட்டும் வரும். இரண்டையும் சேர்த்தே கேளுங்கள், ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு மற்றதற்குத் திரும்ப அலைய வேண்டாம். ஆறு மாதம் பதில் இல்லாவிட்டாலும் நிராகரித்தாலும் சென்னை தீர்ப்பாயம். அங்கே தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் உண்டு, டிஸ்மிஸை டிஸ்சார்ஜாக மாற்றிக் கொடுத்த உத்தரவுகளும் உண்டு. அவரே நின்றும் பேசலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் நான் வக்கீல் என்பதால் சொல்லவில்லை, இந்தக் கேஸில் ஆள் இல்லாமல் போகாதீர்கள். பணம் கஷ்டம் என்றால் சிவகங்கையில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், வருமான வரம்புக்குள் வந்தால் இலவசம்.

கண்டனூர்_77:

தம்பி, நான் பொதுவாகத்தான் சொன்னேன். என் கருத்து மாறவில்லை, ஆனால் சிறைத் தண்டனையை அனுபவித்த பிறகு வாட்ச்மேன் சம்பளத்திலும் அந்த டிஸ்மிஸ் வந்து பிடிக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. கேஸ் விஷயமாகச் சென்னை போகும்போது பல்லவன் ரயிலில் போங்கள், காலையில் கிளம்பி மதியத்துக்குள் எழும்பூரில் இறங்கிவிடலாம்.

சுபேதார்_தேவகோட்டை:

அண்ணனை ஒரு நாள் தேவகோட்டைக்குக் கூட்டிவாருங்கள் தம்பி, நேரில் பேசுவோம், என்னிடம் வாயைத் திறப்பார். தகவல் உரிமை மனுவில் தண்டனைக் கணக்கை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். காஷ்மீரில் இருந்ததற்கு மெடல் இருக்கும், கமாண்டிங் ஆபீசர் பாராட்டு ஏதாவது ஏறியிருக்கும், அந்தப் பக்கங்களையும் சேர்த்துக் கேளுங்கள். மனுவின் நகலும் ரெஜிஸ்டர் தபால் ரசீதும் பத்திரம், தாமதத்துக்குப் பதில் சொல்லும்போது அந்த ரசீதைத்தான் முதலில் கேட்பார்கள்.